தீவின் வயதும் கிணற்றின் நீரும்

இலங்கையின் வயதென்ன என்று கேட்டால் ஒரே விடை கூற முடியாது. நம் காலடியில் இரு வேறு காலங்களின் நிலம் உள்ளது என்பதையே இங்கு விளக்க விரும்புகிறேன்.

தீவின் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளாலானது. சுமார் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவானபோது, ஆழத்திலிருந்த வெப்பமும் அமுக்கமும் இவற்றை மாற்றியமைத்தன. அன்று இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா ஆகியன நமது அயல் நிலங்கள். இரத்தினபுரியின் மாணிக்கக் கற்கள் அப்பழம் பாறைகளின் கொடை.

யாழ்ப்பாணம் முதல் புத்தளம் வரையான கரையோரமோ இளையது. சுமார் 20 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், மயோசீன் காலத்தில், ஆழமற்ற கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகள் படிந்து சுண்ணாம்புக்கல்லாயின.

இந்த வேறுபாட்டை நம் கிணறுகளில் காணலாம். பழைய பாறையில் வெடிப்புகளிலும் சிதைந்த மேற்படையிலுமே நீர் தங்கும். சுண்ணாம்புக்கல்லிலோ மழைநீர் துளைகள் வழியே இறங்கி, உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். ஆகவே மேலே சிறிது குறைந்தாலும் கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு ஏறிவிடும். மலசலக்குழிக் கழிவும் உரமும் அதே துளைகள் வழியே விரைவாக இறங்குகின்றன.

தோழியரே, வீண்விரயத்தை நம் மார்க்கம் தடுத்துள்ளது. நீர்ப்பம்பியின் ஆளியை நிறுத்தும்போது, அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதத்தைக் காக்கிறோம் என்றே நான் எண்ணுகிறேன்.