ஆரியசாலையில் எல்லாம் கிடைக்கும், மோட்டாரைத் தவிர

திருவனந்தபுரத்தின் ஆரியசாலையில் தொடங்கி சாலைக் கம்போளம் வழியாகக் கிழக்கேகோட்டை வரை ஒரு நடை போய்வந்தால், ராக்கெட்டுக்கு வேண்டிய சாமான்களில் முக்கால்வாசி பைக்குள் வந்துவிடும். உடலுக்குத் துணி சுற்றி வரும் தடித்த அட்டைக் குழல். துணிக்கடையில் பக்குவமாகக் கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். வால் துடுப்புக்கு மெல்லிய பிளைவுட். ஒட்டுவதற்கு அரால்டைட். பாராசூட்டுக்குக் குடைக்குப் போடும் நைலான் துணி, அதைக் கட்ட நைலான் நாடா. கிடைக்காதது மோட்டார் ஒன்றுதான். ராக்கெட் விடும் ஆசை வந்த பிள்ளைகள் பலரும் எந்த ராக்கெட் செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். மோட்டாரை யார் கையிலிருந்து வாங்குவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரும்.

மோட்டாரின் வலிமையை எழுத்தில் சொல்வார்கள். ஏ, பி, சி என்று ஒவ்வொரு எழுத்துக்கும் உச்சவரம்பு முந்தையதைப்போல இரண்டு மடங்கு. பள்ளிப் பாடத்தில் கணத்தாக்கு என்று படித்தது நினைவிருக்கும். அதுதான் இங்கே அளவுகோல். ஜி வகை 160 நியூட்டன்-விநாடியோடு முடிகிறது. எச் 320 வரை, ஐ 640 வரை. எச் தொடங்கி மேலே உள்ளவற்றைத்தான் உலகம் முழுக்க ‘ஹை-பவர்’ என்கிறார்கள். மோட்டாரின் மேல் எச்128 என்று அச்சடித்திருந்தால், அந்த 128 சராசரி உந்துவிசை, நியூட்டனில். ராக்கெட்டின் எடையைப்போல ஐந்து மடங்காவது உந்துவிசை வேண்டும் என்பது பொது விதி. கணக்குப் போட்டால் அந்த மோட்டார் தூக்கக்கூடியது சுமார் இரண்டரைக் கிலோ. அட்டைக் குழலும் பிளைவுட்டும் பாராசூட்டும் மோட்டாரும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும்.

முதல் வழி, யூடியூபைப் பார்த்து மோட்டாரையும் வீட்டிலேயே செய்வது. சர்க்கரை ராக்கெட் என்று பெயர் கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. இதை நான் வழிகளில் ஒன்றாகவே சேர்ப்பதில்லை. சட்டம் முதல் காரணம்: 1884-ம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008-ம் ஆண்டின் விதிகளும் லைசென்ஸ் இல்லாமல் வெடிபொருள் தயாரிப்பதைத் தடுக்கின்றன, லைசென்ஸ் விவகாரங்களைப் பார்ப்பது நாக்பூரில் தலைமையகம் உள்ள பெசோ என்ற மத்திய அரசு அமைப்பு. அப்பா பெயரில் கடை இருக்கிறது, மாமா போலீஸில் இருக்கிறார் என்பதெல்லாம் இங்கே செல்லாது. சட்டத்தைவிடப் பெரிய காரணம் மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. திட உந்துபொருள் எவ்வளவு பரப்பில் எரிகிறதோ அதற்கேற்பத்தான் உள்ளே அழுத்தம் ஏறும். வார்த்த கட்டியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசலோ காற்றுக் குமிழோ இருந்தால், அந்த இடத்தில் எரியும் பரப்பு சட்டென்று கூடும். அழுத்தம் ஏறும், ஏறிய அழுத்தம் எரிவதை இன்னும் வேகப்படுத்தும். ஒரு விநாடிக்குள் குழல் வெடித்துவிடும். தொழிற்சாலைகள் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். சமையல்கட்டில் எக்ஸ்ரே ஏது? ஆரியசாலையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் பிவிசி பைப்பை மோட்டார் கூடாகப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். அது கிழியாமல் கூரான சில்லுகளாகச் சிதறும்.

பிவிசிக்கும் ராக்கெட்டுக்கும் வேறொரு நல்ல உறவு உண்டு, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இஸ்ரோவின் தும்பா ஏவுதளத்திலிருந்து பல்லாண்டுகளாகப் பறக்கும் ஆர்எச்-200 ராக்கெட்டில் உந்துபொருளைப் பிடித்து வைக்கும் பிணைப்பொருளாக இருந்தது பிவிசிதான். 2020 செப்டம்பரில்தான் எச்டிபிபி என்ற புதிய பொருளில் அது முதன்முறை பறந்தது. 2022 நவம்பர் 23-ம் தேதி அதே ஆர்எச்-200 தொடர்ந்து இருநூறாவது முறையாகப் பிசகில்லாமல் ஏவப்பட்டது. ஒரே வகை மோட்டாரைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தவர்களின் கை அது.

இரண்டாவது, நீர் ராக்கெட். இதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நியூட்டனின் மூன்றாம் விதி, எடைப் பங்கீடு, துடுப்பின் நிலைத்தன்மை, பாராசூட் திறக்கும் நேரம், எல்லாம் இதில் இருக்கின்றன. தீ மட்டும் இல்லை. இரண்டு லிட்டர் பாட்டில், அதிலும் சோடா அல்லது கோலா வந்த பாட்டில்தான் வேண்டும். குடிநீர் பாட்டிலின் சுவர் மெல்லியது, அழுத்தம் தாங்காது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். காற்றடிக்க சைக்கிள் பம்பு போதும், ஆனால் அழுத்தமானி உள்ள பம்பாக இருக்கட்டும். நான்கைந்து பார் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கீறல் விழுந்த பாட்டிலும் வெயிலில் கிடந்த பாட்டிலும் குப்பைக்குத்தான். ஏவுதளத்துக்கு அந்தப் பிவிசி பைப் கச்சிதமாகப் பொருந்தும். நுனியைச் சுற்றி கேபிள் டைகளை நிறுத்தி, மேலே ஒரு பைப் வளையத்தைப் போட்டு, வளையத்தைக் கயிற்றால் தூரத்திலிருந்து இழுத்தால் பாட்டில் கிளம்பிவிடும். காற்று ஏறிய பிறகு யாரும் பக்கத்தில் போய்க் குனிந்து பார்க்கக் கூடாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

துடுப்பு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். ராக்கெட்டை விரலில் நிறுத்தினால் சமநிலை கிடைக்கும் இடம் எடைமையம். காற்றின் விசை மொத்தமும் குவிகிற இடம் வேறு. அது எடைமையத்துக்குக் கீழே, குழலின் விட்டத்தைப்போல ஒன்று முதல் இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். குறைந்தால் ராக்கெட் குட்டிக்கரணம் போடும். கூடினால் காற்றடிக்கும் திசைக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடும். இந்தக் கணக்கை 1960-களில் ஜேம்ஸ் பேரோமேன் என்ற அமெரிக்கப் பொறியாளர் எளிமையாக்கிக் கொடுத்தார். இப்போது ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்கிறது. பின்லாந்தில் ஒரு மாணவரின் முதுகலை ஆய்வாகத் தொடங்கியது அது. சாதாரண லேப்டாப் போதும். மோட்டாருக்காகக் காத்திருக்கும் மாதங்களில் இதில் நூறு ராக்கெட் விட்டுப் பார்த்துவிடலாம்.

மூன்றாவது வழி, தொழிற்சாலையில் செய்த மோட்டாரை வாங்குவது. அமெரிக்காவில் இது சாதாரணம். அங்கே இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி, ட்ரிபோலி என்ற இரண்டு சங்கங்கள் மூன்று படிகளில் சான்றிதழ் தருகின்றன. எச் அல்லது ஐ மோட்டாரில் ஒன்றை விட்டு, சேதமில்லாமல் மீட்டுக் காட்டினால் முதல் படி. ஜே, கே, எல் வகைகளுக்கு எழுத்துத் தேர்வும் உண்டு. எம் தொடங்கி மேலே போக வேண்டுமானால் வடிவமைப்பையே மூத்தவர்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே நிலைமை வேறு. வெளிநாட்டு மோட்டார் வெடிபொருளாகத்தான் கணக்கு. தபாலிலோ கூரியரிலோ வராது, அனுமதியில்லாமல் சுங்கத்தைத் தாண்டாது. வெளிநாட்டிலிருந்து வரும் சித்தப்பாவிடம் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்வது அவரை விமான நிலையத்தில் மாட்டிவிடும் வேலை. தீபாவளி ராக்கெட்டுகளைப் பிரித்து மருந்தை ஒன்றாகச் சேர்ப்பதோ முதல் வழியின் இன்னொரு பெயர்.

நான்காவது வழிதான் பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் கைகாட்டுவது: மோட்டாரும் மைதானமும் அனுமதியும் ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்க, மீதியை நீங்கள் செய்வது. இதற்கு நம் ஊரிலேயே முன்னுதாரணம் உண்டு. வலியமலையில் உள்ள விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர்கள் வடிவமைத்த ‘வியோம்’ ராக்கெட் 2012 மே மாதம் தும்பாவிலிருந்தே பறந்தது. தமிழ்நாட்டுப் பக்கம், 2023 பிப்ரவரி 19 அன்று பட்டிப்புலத்திலிருந்து ஒரு ராக்கெட்டும், 2024 ஆகஸ்ட் 24 அன்று திருவிடந்தையிலிருந்து ரூமி-1 என்ற ராக்கெட்டும் கிளம்பின. இரண்டுக்கும் பின்னால் ஸ்பேஸ் ஸோன் இந்தியா. முதலாவதில் பள்ளி மாணவர்கள் கைபட்ட 150 பிக்கோ செயற்கைக்கோள்கள் இருந்தன. கல்லூரி அணிகளுக்கு இன்-ஸ்பேஸ், இஸ்ரோ, இந்திய விண்வெளியியல் சங்கம் சேர்ந்து நடத்தும் மாதிரி ராக்கெட், கேன்சாட் போட்டி இருக்கிறது. 2025 அக்டோபர் கடைசியில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் அதன் இறுதிச் சுற்று நடந்தது.

இதற்குள்ளும் ஒரு தேர்வு உண்டு: ராக்கெட்டா, உள்ளே போகும் பேலோடா? எலக்ட்ரானிக்ஸ் பிடித்த பிள்ளை பேலோடை எடுப்பது நல்லது. குளிர்பான டின் அளவில் அழுத்த உணரி, ஜிபிஎஸ், ரேடியோ, பேட்டரி எல்லாம் அடக்கி, கீழே வரும்வரை தகவல் அனுப்ப வைப்பது லேசான வேலை இல்லை. ராக்கெட் தோற்றாலும் உங்கள் டின்னில் பதிவான தகவல் மிஞ்சும். ரம்பமும் உப்புத்தாளும் பிடித்துப் பழகிய பிள்ளைக்கு ராக்கெட். எந்த அணியில் சேர்ந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மோட்டார் எங்கிருந்து வருகிறது, லைசென்ஸ் யார் பெயரில் என்பது. ‘அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் தம்பி’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு அணியைப் பாருங்கள்.

இனி இடம். ஆரியசாலை மொட்டைமாடியிலிருந்து ஏன் முடியாது என்பதற்குச் சட்டம்கூட வேண்டாம், பாராசூட் கணக்கே போதும். மூன்று கிலோ ராக்கெட் விநாடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் இறங்க ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள பாராசூட் வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் அது விரிந்தால் தரைக்கு வர 165 விநாடிக்கு மேல். காற்று விநாடிக்கு ஐந்து மீட்டர் அடித்தாலும் எண்ணூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் விழும். எண்ணூறு மீட்டருக்குள் சாலை மார்க்கெட்டின் தகரக் கூரைகள், பஸ் போகும் ரோடு எல்லாம் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் போனால் பத்மநாபசுவாமி கோவிலின் காவல் வளையம். மேலே சின்ன பாராசூட், நூற்றைம்பது மீட்டர் உயரத்துக்கு இறங்கி வந்ததும் பெரியது என்று இரண்டாகப் பிரித்தால் இந்தத் தூரம் பாதிக்கும் கீழே குறையும். ஹை-பவர் ராக்கெட்டில் இரட்டை பாராசூட்டை நான் கட்டாயம் என்பேன்.

மைதானத்தின் அகலம் எதிர்பார்க்கும் உயரத்தில் பாதியாவது இருக்க வேண்டும், எப்படிப் பார்த்தாலும் 457 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. புத்தரிக்கண்டம் மைதானம் அந்த அளவுக்கு வராது. தலைக்கு மேல் இன்னொரு சிக்கல்: விமான நிலையம் நாலைந்து கிலோமீட்டரில், வடக்கே தும்பா. ஆகவே ஹை-பவர் என்றால் ஊரைவிட்டு வெளியே போய்த்தான் ஆக வேண்டும், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியோடு. நிறுவன வழியை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்தக் கடிதப் போக்குவரத்தும் ஒரு காரணம். பதினேழு வயதுப் பையன் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தை எந்த மேசையும் நகர்த்தாது.

எதையும் வெட்டி ஒட்டுவதற்கு முன் தும்பாவின் புனித மரிய மக்தலேனா தேவாலயத்தில் உள்ள விண்வெளி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1963 நவம்பர் 21 அன்று அந்தக் கடற்கரையிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. அதாவது மோட்டார் வெளியிலிருந்து வந்தது. 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள நம் சொந்த ஆர்எச்-75 பறந்தது 1967 நவம்பரில். நடுவே நான்கு ஆண்டுகள், அடுத்தவர் ராக்கெட்டை இணைத்தும் ஏவியும் கைபழகினார்கள். அப்துல் கலாம் அந்தக் குழுவில் இருந்தவர்.

தேதி குறிக்கும்போது மழையைப் பாருங்கள். இந்தக் கரைக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலிருந்து நவம்பர் வரை மேகம் நம்பத்தக்கதில்லை, மேகத்துக்குள் ராக்கெட் விடவே கூடாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலைப் பொழுது நல்லது. வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழும்பிவிடும். ஆகவே பத்து மணிக்குள் ஏவிவிடும்படி அட்டவணை போடுங்கள். தயாராகாத அணி அன்று கெஞ்சினாலும் மறுநாள் காலைக்குத் தள்ளிவிடுங்கள்.