பிழை யாருடையது? நெடுஞ்சாலைகள் பற்றிய நம்பிக்கைகளும் ஆய்வுகள் கண்ட உண்மைகளும்

சாலை விபத்துகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை ஓட்டுநரின் பிழையால் நேர்கின்றன என்பதும், ஆகவே ஓட்டுநரைத் திருத்தினால் போதும் என்பதும் பல நாடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. இதற்குச் சான்றாகக் காட்டப்படும் எண்கள் கற்பனையானவை அல்ல. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தார் 1970களில் நடத்திய கள ஆய்வும், அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2015இல் வெளியிட்ட அறிக்கையும் 90 விழுக்காட்டைத் தாண்டிய கணக்கையே தந்தன. ஆனால் 2015 அறிக்கை கணக்கிட்டது, விபத்தில் முடிந்த நிகழ்வுத் தொடரின் கடைசிக் கண்ணி எது என்பதை மட்டுமே. அதனை விபத்தின் முழுக் காரணமாகவோ, ஒருவர்மீது சுமத்தத்தக்க குற்றமாகவோ கொள்ளலாகாது என்று அவ்வறிக்கையே எச்சரித்திருந்தும், அது தந்த 94 விழுக்காடு என்ற எண் மட்டும் பரவ, எச்சரிக்கை மறக்கப்பட்டது.

இந்த எண் விடையளிக்காத கேள்வி ஒன்று உண்டு: பிழை செய்தவரும் அவர் எதிரே வந்தவரும் ஏன் உயிரிழக்க வேண்டும்? 1966இல் அமெரிக்க அரசு தொடங்கிய சாலைப் பாதுகாப்பு அமைப்பின் முதல் தலைவரும் மருத்துவருமான வில்லியம் ஹாடன், காயம் என்பது உடல் தாங்கும் அளவை மீறி ஆற்றல் பாய்வதன் விளைவு என்று விளக்கினார். எனவே மோதலுக்கு முன்னும், மோதும் கணத்திலும், மோதிய பின்னும் மனிதர், வாகனம், சூழல் ஆகிய மூன்றிலும் தலையிட்டு அந்த ஆற்றலைக் கட்டுப்படுத்த முடியும் என்பது அவர் வகுத்த முறை.

இந்த நோக்கின் வலிமையைச் சுவீடன் நாட்டுச் சாலைகளில் தெளிவாகக் காணலாம். அங்கே 13 மீட்டர் அகலத்தில், திசைக்கு ஒரு தடமும் இருபுறமும் விரிந்த ஓரப்பகுதியும் கொண்டு அமைந்திருந்த சாலைகள் பார்வைக்கு விசாலமானவை. எனினும், முந்திச் செல்லும் முயற்சியாலும் கண்ணயர்வாலும் எதிர்த்தடத்துக்குள் பாய்ந்த வாகனங்கள் நேருக்கு நேர் மோதிப் பலரைப் பலிகொண்டன. சாலையில் எவரும் உயிரிழக்கவோ கடுங்காயம் அடையவோ கூடாது என்பதை நீண்டகால இலக்காக அந்நாட்டு நாடாளுமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்டதை அடுத்து, 1998இல் யேவ்லெ நகருக்கு வடக்கே ஈ4 நெடுஞ்சாலையின் ஒரு பகுதி புதுமுறையில் திருத்தப்பட்டது. அதே அகலத்துக்குள் மூன்று தடங்கள் வரையப்பட்டு, நடுத்தடம் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒவ்வொரு திசைக்கும் மாறி மாறி முந்திச் செல்ல ஒதுக்கப்பட்டு, எதிர்த்திசைகளுக்கு இடையே இரும்புக் கம்பிவடத் தடுப்பு நிறுவப்பட்டது. நெருக்கமான சாலையில் தடுப்பை நிறுத்தினால் வாகனங்கள் அதன்மீது ஓயாமல் மோதும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. அவ்வாறே மோதவும் செய்தன. ஆயினும் இம்முறைக்கு மாறிய சாலைகளில் உயிரிழப்பு நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைந்தது. ஓட்டுநர்கள் பிழை செய்வதை விட்டுவிடவில்லை. முன்பு அப்பிழைக்கு உயிரை விலையாகக் கேட்ட சாலை, இப்போது கம்பிவடத்தைச் செப்பனிடும் செலவை மட்டும் கேட்டது.

நேரான, அகன்ற, வழவழப்பான சாலையே பாதுகாப்பானது என்ற எண்ணமும் இதனால் ஆட்டம் காண்கிறது. இந்தியாவில் 2022இல் நேர்ந்த விபத்துகளுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேர்ச்சாலைகளில் நிகழ்ந்தவை என்று மத்திய அரசின் ஆண்டறிக்கை கூறுகிறது. சாலைகளின் பெரும்பகுதி நேராகவே இருப்பதால் இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்டுவது முறையன்று. வலுவான சான்று வேகம் பற்றிய ஆய்வுகளில் கிடைக்கிறது. சராசரி வேகம் எந்த விகிதத்தில் மாறுகிறதோ, உயிரிழப்பு விபத்துகள் அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகின்றன என்று சுவீடன் ஆய்வாளர் யோரன் நில்சன் கண்டறிந்தார். அதன்படி வேகம் 5 விழுக்காடு உயர்ந்தால் அத்தகைய விபத்துகள் 20 விழுக்காட்டுக்கும் சற்று மேலாக உயரும். தடையற்ற பார்வையும் விரிந்த தடமும் ஓட்டுநரை அவர் அறியாமலே வேகத்தைக் கூட்டவைப்பதால், அகலத்தால் கிடைக்கும் நன்மையில் ஒரு பகுதியை வேகம் தின்றுவிடுகிறது.

வாகனங்கள் பெருகுவதால்தான் சாலை பழுதடைகிறது என்பதும் அரைகுறை உண்மையே. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா நகருக்கு அருகே 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகளில் கனரக வாகனங்களை ஓயாமல் ஓட்டிப் பார்த்த ஆய்வு, தேய்மானம் ஓர் அச்சின்மீது இறங்கும் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதைக் காட்டியது. (இங்கும் நான்காம் அடுக்கு தோன்றுவது தற்செயல், வேகத்துக்கும் தேய்மானத்துக்கும் இயற்பியல் வேறு.) இக்கணக்கின்படி கார்களால் விளையும் தேய்மானம் மிக அற்பம். இந்தியாவில் நான்கு டயர்கள் கொண்ட ஓர் அச்சுக்கான சுமைவரம்பு 2018இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. சுமை 13 விழுக்காடே உயர்ந்தபோதிலும், முழுச்சுமையுடன் செல்லும் அச்சினால் விளையும் தேய்மானம் சுமார் 60 விழுக்காடு உயரும்.

தடங்களைக் கூட்டினால் நெரிசல் தீரும் என்பதே நிதி ஒதுக்கீட்டை மிகுதியாக வழிநடத்தும் நம்பிக்கை. அகலமாக்கிய சாலை, முன்பு வேறு நேரத்திலோ வேறு வழியிலோ சென்றவர்களை ஈர்த்துக்கொள்ளும் என்று பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் 1962இலேயே எழுதினார். டுராண்டன், டர்னர் என்னும் பொருளியலாளர்கள் 2011இல் அமெரிக்கப் பெருநகரங்களின் தரவுகளைக் கொண்டு, நெடுஞ்சாலைத் தடங்களின் நீளம் கூடும் அதே விகிதத்தில் வாகனங்கள் ஓடும் தொலைவும் கூடுவதை நிறுவினர். கூடுதல் பயணங்களால் மக்களுக்குப் பயன் உண்டு என்பதால் விரிவாக்கம் வீண் என்று சொல்வதற்கில்லை. ஆனால் நெரிசல் நீங்கும் என்ற வாக்குறுதியை அதனால் காப்பாற்ற இயலாது. நெரிசலைக் குறைக்கும் மற்றொரு வழி, சாலையைப் பயன்படுத்தக் கட்டணம் விதிப்பது. ஸ்டாக்ஹோம் நகரம் 2006இல் ஏழு மாதங்கள் நெரிசல் கட்டணம் வசூலித்துச் சோதித்தபோது, கட்டண எல்லையைக் கடந்த வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனை முடிந்து கட்டணம் நின்றதும் எண்ணிக்கை மீண்டும் ஏறியது. அடுத்த ஆண்டில் கட்டணம் நிரந்தரமாக்கப்பட்டது.