டிவிக்குக் கீழே இருக்கும் பழைய பெட்டி

எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே, 2013-இல் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3. படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டும்தான். 4கே டிவி வீட்டுக்கு வந்த வாரமே அது திணற ஆரம்பித்தது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக்கூடத் திறக்காமல், “இது ரொம்பப் பழசு சார், இதுக்குச் செலவு பண்ணாதீங்க, புதுசா எடுத்துடுங்க” என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் பாதி சரி.

நம்பிக்கை: ப்ராசஸர் பழசானதால் படம் திணறுகிறது.

வீட்டுக்கு வந்து, திணறிய படத்தையே மறுபடி ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ப்ராசஸர் 100 சதவீதத்தில் நின்றது. ஃபேன் மிக்ஸி மாதிரி இரைந்தது. உதடு அசைவதற்கு முன்பே வசனம் வந்துவிட்டது. இன்றைய 4கே படங்கள் பெரும்பாலும் எச்இவிசி முறையில், 10 பிட்டில் சுருக்கப்பட்டவை. அந்தச் சுருக்கத்தை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று இருந்தால் ப்ராசஸருக்கு வேலையே இல்லை. இன்டெல் டெஸ்க்டாப் சில்லுகளில் அந்தச் சுற்று 2017-இல் வந்த ஏழாம் தலைமுறையில்தான் முழுமையாகச் சேர்ந்தது. என்னுடையதில் கிடையாது, அதனால் மொத்த வேலையும் ப்ராசஸர் தலையில் விழுந்தது.

ஜிடி 1030 என்ற சின்ன கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிச் செருகினேன். அதுவும் 2017-இல் வந்ததுதான். 30 வாட் போதும், தனியாக மின்சார ஒயர்கூட வேண்டாம். அதே படம், அதே ப்ராசஸர். இம்முறை 10 சதவீதத்தைத் தாண்டவில்லை. மூடியைத் திறந்த கையோடு ஃபேனில் பஞ்சுபோல் படிந்திருந்த தூசியையும் தட்டினேன். ஒரு குறை உண்டு. யூடியூபில் பெருகிவரும் ஏவி1 முறைக்கான சுற்று இந்தக் கார்டில் இல்லை. இன்டெல்லில் அது 2020-இல் வந்த பதினோராம் தலைமுறையிலிருந்துதான் இருக்கிறது. யூடியூப் பழைய விபி9 முறையிலும் படத்தைத் தருவதால் இப்போதைக்கு வண்டி ஓடுகிறது.

நம்பிக்கை: எஸ்எஸ்டி போட்டால் படம் தெளிவாகும், நிற்காமல் ஓடும்.

ஆகாது. 4கே ப்ளூ-ரே டிஸ்க்கின் உச்ச வேகமே விநாடிக்கு 128 மெகாபிட், அதாவது 16 மெகாபைட். பழைய ஹார்ட் டிஸ்க்கே 100 மெகாபைட் தரும். இருந்தாலும் எஸ்எஸ்டி போடுங்கள். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் எப்போது எழுந்திருக்கும் என்று காத்திருக்கும் கொடுமை தீரும்.

நம்பிக்கை: 4கே டிவியில் சொருகினால் 4கே வந்துவிடும்.

வரும், ஆனால் எந்த வேகத்தில் என்று பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 துளையில் 4கே என்றால் விநாடிக்கு 30 பிரேம்தான். சினிமா 24 பிரேம் என்பதால் அதற்குப் போதும். கிரிக்கெட்டில் பந்து விட்டுவிட்டு ஓடும். 60 பிரேமுக்கு எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். என் மதர்போர்டில் இருப்பது 1.4, கார்டில் இருப்பது 2.0.

நம்பிக்கை: பழசு செய்ததையெல்லாம் புதுசும் செய்யும்.

4கே டிஸ்க் சேர்த்து வைத்திருப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள். அந்த டிஸ்க்கை முறையான மென்பொருளில் ஓட்ட எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பதினோராம் தலைமுறையிலிருந்து டெஸ்க்டாப் சில்லுகளில் இன்டெல் அதை எடுத்துவிட்டது. அந்த வேலைக்கு ஏழு முதல் பத்து வரையிலான தலைமுறைப் பெட்டிதான் உதவும். கையில் இருந்தால் விற்றுவிடாதீர்கள்.

நம்பிக்கை: விண்டோஸ் 10 முடிந்தது, கம்ப்யூட்டரும் முடிந்தது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது உண்மை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்பதும் உண்மை. ஆனால் படம் ஓட்ட விண்டோஸ் எதற்கு? கோடி (Kodi) என்ற மீடியா பிளேயரோடு வரும் லிப்ரெஎலெக் என்ற லினக்ஸ் இலவசம், பழைய பெட்டியிலும் சுறுசுறுப்பாக ஓடும். நெட்ஃப்ளிக்ஸை 4கேயில் பார்க்க மட்டும் லினக்ஸ் உதவாது. அதற்கு டிவியில் இருக்கும் ஆப்போ ஒரு ஸ்டிக்கோ போதும்.

கடைக்காரர் சொன்ன சரியான பாதிக்கு வருகிறேன். இரவு பகலாக ஓடும் பெட்டி என்றால் மாற்றிவிடுங்கள். 60 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.44 யூனிட், இரண்டு மாத பில்லில் 86 யூனிட். 2023-இல் வந்த இன்டெல் என்100 வெறும் 6 வாட் சில்லு, ஏவி1-ஐயும் விரிக்கும். மதர்போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருந்தாலும் யோசிக்காமல் மாற்றிவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரைப் போடும்போதும் கடிகாரம் பின்னுக்குப் போகிறது என்பதற்காக “மதர்போர்டு போச்சு” என்று யாராவது சொன்னால், முதலில் அதில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.