திரைக்குள் ஒரு தீவு: ஓட்டிசம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

"போனைக் குடுத்துக் குடுத்துத்தான் பிள்ளைக்கு இந்த வருத்தம் வந்தது." ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ ஓட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்ற தாய் அடிக்கடி கேட்கிற வசனம் இது. சொல்கிறவர் மாமியாராக இருக்கலாம், பக்கத்து வளவு அக்காவாக இருக்கலாம், படிப்பிக்கிற ஆசிரியராகவும் இருக்கலாம். யார் சொன்னாலும் பழி தாயின் தலையில்தான் விழுகிறது. ஆகவே இதை முதலில் தீர்த்துவிடுவோம்.

ஓட்டிசம் போனுக்கும் முந்தியது, தொலைக்காட்சிக்கும் முந்தியது. சோவியத் நாட்டு மனநல வைத்தியர் குருன்யா சுகரேவா 1925 இல் ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதியதில் இன்று நாம் ஓட்டிசம் என்று அறிகிற இயல்புகள் அனேகமாக எல்லாமே இருக்கின்றன. அமெரிக்காவில் லியோ கனர் 1943 இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதினார். எங்கள் நாட்டில் ரூபவாஹினி தொடங்கியதே 1982 இல். அதற்குப் பிறகு, போரில் மின்சாரம் நின்றுபோய், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவர்கள் இருந்தார்கள். "அவன் ஒரு மாதிரி" என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டோம்.

காரணத்தின் பெரும்பங்கு பரம்பரையில் இருக்கிறது. டென்மார்க், பின்லாந்து, சுவீடன், இஸ்ரேல், மேற்கு அவுஸ்திரேலியா ஆகிய ஐந்து இடங்களில் 20 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2019 இல் வெளியான ஆய்வு, ஓட்டிசம் வரும் வாய்ப்பில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 80 சதவீதத்தை மரபணுக்களின் கணக்கில் வைத்தது. திரையால் வருவதாகச் சொல்லி 'மெய்நிகர் ஓட்டிசம்' என்று யூடியூபில் சிலர் விற்கிற பெயர் வைத்தியர்களின் நோய் வகைப்பாட்டு நூல்கள் எதிலும் இல்லை. போனை நிறுத்தியதும் பிள்ளை கதைக்கத் தொடங்கியது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் இருந்து, யாரும் கதைப்பதைக் கேளாமல் வளர்ந்த குழந்தைக்குப் பேச்சுப் பிந்தும். ஆள் கதைத்தால் வரும். அது வேறு, ஓட்டிசம் வேறு. இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். நானும் அதையே சொல்வேன்.

இலங்கையில் எத்தனை பிள்ளைகள்? பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் ஓர் அரைநகரப் பகுதியில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளைச் சோதித்து 2009 இல் எழுதியது, 93 பேரில் ஒருவர் என்பது. அதையே எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். சோதித்தது 374 குழந்தைகளை, கண்டது நான்கு பேரை என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. ஆனால் உலகக் கணக்கும் ஏறக்குறைய நூறில் ஒன்று என்ற அளவிலேயே நிற்பதால், இது அரிதான விஷயம் இல்லை என்பது நிச்சயம்.

அடுத்த நம்பிக்கைதான் இந்தக் கட்டுரையின் நடுவிடம். "அது தன்ரை உலகத்திலை இருக்குது. கேமையும் குடுத்தால் இன்னும் உள்ளுக்குப் போயிடும்."

இதற்குப் பதில் கனடாவில் இருக்கிறது, புங்குடுதீவாரும் நயினாதீவாரும் கனக்கப் போய்க் குடியேறிய ஒன்ராறியோ மாகாணத்திலேயே. அங்கே ஸ்டூவர்ட் டங்கன் என்ற தந்தை, தானும் ஓட்டிசம் உள்ளவர், மகனும் அப்படி. தன் பிள்ளையை வளர்ப்பது பற்றி எழுதிவந்த அவரிடம் மற்றப் பெற்றோர் ஒரே முறைப்பாட்டைச் சொன்னார்கள்: பிள்ளைகள் மைன்கிராப்ட் விளையாடப் போகிறார்கள், பொதுத் தளங்களில் மற்றவர்கள் அவர்களைக் கேலி செய்கிறார்கள், கட்டியதை இடித்துப் போடுகிறார்கள். 2013 யூனில் டங்கன் ஓட்டிசம் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மட்டுமான தனித் தளம் ஒன்றைத் திறந்தார். பெயர் ஓட்கிராப்ட். முதல் இரண்டு நாளில் 750 மின்னஞ்சல்கள் வந்தன. சேருவதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்டவரின் பெயர் பட்டியலில் ஏறினால்தான் உள்ளே போகலாம். அங்கே ஒருவரை ஒருவர் கொல்ல முடியாது, பிறர் கட்டியதை உடைக்க முடியாது, திருட முடியாது. பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

மைன்கிராப்ட் பார்த்திராதவர்களுக்கு: அது கட்டைகளால் ஆன ஓர் உலகம். தோண்டலாம், மரம் வெட்டலாம், வீடு கட்டலாம், பயிர் செய்யலாம். வெல்லவோ தோற்கவோ கட்டாயம் இல்லை.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்ரின் ரிங்லண்ட் பல ஆண்டுகள் இந்தத் தளத்துக்குள் இருந்து, மானிடவியலாளர் ஒரு கிராமத்தில் இருந்து பார்ப்பது போலப் பார்த்து எழுதினார். அவர் கண்டது, ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் ஆட்களைத் தேடித்தான் அங்கே வருகிறார்கள் என்பது. அரட்டைப் பெட்டியில் எழுதினார்கள், பலகையில் எழுதி நட்டார்கள், விளையாட்டுக்குள்ளேயே புத்தகம் எழுதி வைத்தார்கள், ஒருவருக்கொருவர் கட்டிக்கொடுத்தார்கள். சில நேரம் ஒன்றுமே கதைக்காமல் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். இரைச்சல் தாங்காதவர் ஒதுங்கிக்கொள்ள அமைதியான இடமும் உள்ளே இருந்தது. கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்கிற இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். முகத்தை முகம் பார்ப்பதில்லை, கண் வலையில், கை வேலையில், இடைக்கிடை ஒரு சொல். அவர்கள் பழகவில்லை என்று யாராவது சொல்வோமா? பிள்ளை செய்தால் மட்டும் சொல்கிறோம்.

ஏன் அங்கே முடிகிறது, விறாந்தையில் விருந்தினர் வந்தால் ஏன் முடியவில்லை? அங்கே முகபாவம் வாசிக்கத் தேவையில்லை. பதிலை யோசித்து எழுத நேரம் உண்டு. ஒரு செயலுக்கு நேற்று என்ன விளைவோ இன்றும் அதே விளைவு. சத்தத்தைக் குறைக்கலாம், வெளியேறிவிட்டுத் திரும்பி வரலாம், யாரும் "ஏன் எழும்பிப் போறாய்" என்று கேட்கமாட்டார்கள். இனி நெடுந்தீவுப் பிள்ளை ஒன்று யாழ்ப்பாண வைத்தியசாலைக்குப் போகிற நாளை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகு, இயந்திர இரைச்சல், டீசல் மணம், உடலோடு உடல் உரசுகிற நெருக்கம், பிறகு குறிகட்டுவானிலிருந்து பஸ். வைத்தியரின் மேசைக்கு முன் போய் அமரும்போது பிள்ளையிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. அந்தப் பத்து நிமிடத்தை வைத்துத்தான் "ஆக்களோடை சேராது" என்று முடிவு கட்டுகிறோம்.

தற்செயலாக, ஓட்கிராப்ட் போன்ற முதல் முயற்சிகளில் ஒன்று நடந்ததும் ஒரு தீவில்தான். செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் 2005 அளவில் ஜோன் லெஸ்டர் என்பவர் பிரிகடூன் என்ற தீவை ஓட்டிச வகையைச் சேர்ந்த பெரியவர்களுக்காக அமைத்தார். அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே போகலாம். முதலில் தங்களுக்குள் பழகி, பிறகு விரும்பினால் வெளியே உள்ள பெரிய உலகத்துக்குப் போவது என்பது திட்டம். 2007 இல் செகண்ட் லைஃபில் குரலால் பேசும் வசதி வந்தது. எழுத்தில் மட்டும் வசதியாகக் கதைத்து வந்தவர்களுக்கு அது ஒரு புதுத் தலையிடி.

"அவையளுக்கு மற்றவையின்ரை மனசு விளங்காது" என்பதைச் சுருக்கமாக முடிக்கலாம். டேமியன் மில்டன், தானே ஓட்டிசம் உள்ள ஆய்வாளர், 2012 இல் கேட்டார்: விளங்காமை ஒரு பக்கத்தில் மட்டும்தானா இருக்கிறது? எடின்பரோவில் கேத்தரின் குரொம்ப்டன் குழு 72 பேரை வைத்துச் சோதித்து 2020 இல் பதில் தந்தது. ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். எல்லோரும் ஓட்டிசம் உள்ளவர்களான வரிசையில் கதை, மற்றவர்களின் வரிசையில் போலவே நன்றாகப் போனது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் கூடுதலாகத் தேய்ந்தது.

"கதைக்காத பிள்ளைக்கு உது ஒண்டும் உதவாது" என்பதும் தவறு. வாயால் கதைக்காதது கருத்து இல்லாததாகிவிடாது. படங்களைத் தொட்டுத் தமிழில் பேசவைக்கிற ஆவாஸ் செயலி சென்னையில் உருவானது. அதில் பழகிய விரலுக்குக் கட்டை அடுக்குவது சிரமம் இல்லை.

மறுகரை நம்பிக்கை ஒன்றும் இருக்கிறது. அது காசுள்ள இடங்களில் பரவுகிறது: மெய்நிகர் உலகப் பயிற்சியால் ஓட்டிசம் குணமாகும் என்பது. டாலஸில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் செகண்ட் லைஃபில் வேலை நேர்முகம், புதியவரைச் சந்திப்பது போன்ற சூழல்களை உருவாக்கி எட்டு இளைஞர்களைப் பழக்கினார்கள். ஐந்து வாரத்தில் பத்து அமர்வுகள். மற்றவரின் உணர்வை அடையாளம் காண்பதில் முன்னேற்றம் தெரிந்தது என்று 2013 இல் எழுதினார்கள். எட்டுப் பேர், ஒப்பிட வேறு குழு இல்லை. நம்பிக்கை தருகிற தொடக்கம், அவ்வளவுதான். குணமாக்குவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அமெரிக்க ஆய்வாளர் மைக்கா மசுரெக் 2013 இல் வெளியிட்ட கணக்கில் ஓட்டிசம் உள்ள சிறுவர்கள் நாளுக்குச் சராசரியாக 2.1 மணி நேரம் கேம் விளையாடினார்கள், மற்றச் சிறுவர்கள் 1.2 மணி நேரம். அவருடைய இன்னோர் ஆய்வின்படி மற்றவர்களோடு சேர்ந்து விளையாடுவது அதில் குறைவு. நிறுத்தச் சொன்னால் வருகிற சண்டையும் பல வீடுகளுக்குத் தெரியும். எனவே "கேம் நல்லது" என்று நான் எழுதவில்லை. ஓட்கிராப்டில் நன்மை செய்தது திரை இல்லை. வாசலில் நின்ற ஆளும் மாறாத விதியும்தான். அது இரண்டும் இல்லாத இடத்தில், முன்பின் தெரியாதவர் காதுக்குள் தூஷணம் கத்துகிற சுடுகிற கேமில், இந்தப் பிள்ளை எவரையும்விடக் கூடுதலாக அடிபடும். ஊர்ப் பொடியள் எல்லாம் விளையாடுகிறார்கள் என்று அதையே இறக்கிக் கொடுப்பது சரியில்லை.

நேர்த்திக்கடனைப் பற்றியும் கேட்பீர்கள். நயினை நாகபூசணி அம்மனிடம் பிள்ளைக்காக நேர்த்தி வைப்பது அவரவர் மனசு, அதில் நான் தலையிடவில்லை. தோஷம் கழியட்டும் என்று சோதனையைப் பிற்போடுவதுதான் பிழை. குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டோடு குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாக மேலே அனுப்புவார்கள். ஆனித் திருவிழாவுக்குப் பிள்ளையைக் கொண்டுபோனால் ஒலிபெருக்கிக்குத் தூரமாக நில்லுங்கள்.

கடைசியாக, "உது கனடாப் பிள்ளையளுக்குச் சரி, எங்கடை தீவுக்குச் சரிவராது." இதில் பாதி உண்மை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் மின்கட்டமைப்போடு இணையாதவை, டீசல் இயந்திரத்தை நம்பியிருந்தவை. சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்தியாவின் 1.1 கோடி டொலர் நன்கொடையில் ஒப்பந்தம் ஆனது 2024 மார்ச்சில். டேட்டாவுக்குக் காசு, சிக்னலுக்குக் காத்திருப்பு. ஓட்கிராப்டில் கதைப்பது ஆங்கிலத்தில்.

ஆனால் இந்த வகை உலகம் ஒன்றுக்கு இணையம் கட்டாயம் இல்லை. மைன்கிராப்ட் போலவே கட்டை உலகமான லுவாண்டி (2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயர்) முழுக்க இலவசம், அண்ட்ரொய்ட் போனிலும் ஓடும். செயலியையும் அதற்குள்ளே ஒரு கேமையும் ஒரு தடவை இறக்கினால் போதும். ஒரு போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, அதிலேயே உலகத்தைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிற இரண்டு மூன்று போன்கள் டேட்டா இல்லாமலே உள்ளே வரலாம். பொதுத் தளங்களின் பட்டியல் ஒன்று அதில் காட்டும். அந்தப் பக்கம் போகவேண்டாம். அண்ணாவோ அக்காவோ மச்சாளோ, பிள்ளைக்குப் பழக்கமான ஒருவர் கூட விளையாடட்டும். பக்கத்து ஊரில் இதேபோல ஒரு பிள்ளை இருந்தால் அதையும் கூப்பிடுங்கள். கிழமையில் ஒரே நாள், ஒரே நேரம். விதி மூன்றுக்கு மேல் வேண்டாம்: உடைக்கிறதில்லை, எடுக்கிறதில்லை, களைத்தால் போகலாம். முடிகிற நேரத்தைத் தொடங்க முன்னரே சொல்லிவிடுங்கள், முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது இன்னொருக்கால் சொல்லுங்கள்.

மின்தடை நாளுக்குப் போனைச் சார்ஜ் போட்டு வைத்தாலும் ஒரு நாள் நடுவில் நின்றுதான் போகும். இந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் தாங்க முடியாதது அதுதான், கட்டிக்கொண்டிருந்தது திடீரென்று இல்லாமற் போவது. லுவாண்டி உலகத்தைத் தானாகவே இடைக்கிடை சேமித்துக்கொள்ளும், உலகத்தைத் திறந்த அந்த ஒரு போனில். ஆகவே எந்தப் போனில் தொடங்கினீர்களோ அதே போனில்தான் ஒவ்வொரு தடவையும் திறக்க வேண்டும். முதல் நாளே வேண்டுமென்று ஒருமுறை மூடி, மறுபடி திறந்து, வைத்த கட்டை வைத்த இடத்திலேயே இருப்பதைப் பிள்ளைக்குக் காட்டிவிடுங்கள்.