காய்ச்சல் விட்ட அன்று

போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, டிங்கியில காய்ச்சல் விட்டுட்டா தப்பிச்சாச்சுன்னுதானே அர்த்தம்?" நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அது ஏன் தப்பு என்று புரிய, சைட்டோகைன் என்ற ஒன்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் செல்களுக்கு வாய் கிடையாது. ஒரு செல் சின்னச் சின்னப் புரதங்களை வெளியே விடும். பக்கத்துச் செல் அதை வாங்கிக்கொண்டு தன் வேலையை மாற்றிக்கொள்ளும். இந்தச் சேதிப் புரதங்கள்தான் சைட்டோகைன்கள். 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர், செத்த இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கோழிக் கருவின் சவ்வோடு சேர்த்து வைத்தார்கள். அதிலிருந்து வந்த திரவம் புதிய சவ்வை உயிருள்ள வைரஸிடமிருந்து காத்தது. அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். வைரஸ் புகுந்த செல் பக்கத்துச் செல்லிடம் "கதவைச் சாத்து" என்று சொல்லும் சேதி அது.

காய்ச்சலும் இப்படி ஒரு சேதியால் வருவதுதான். இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் என்ற மூன்றும் ரத்தத்தில் ஏறினால், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் உருவாகி, உடம்பின் வெப்ப அளவை உயர்த்திவிடும். 39 டிகிரியிலும் நாம் போர்த்திக்கொண்டு நடுங்குவது இதனால்தான். பசி போவதும், படுத்தே கிடக்கத் தோன்றுவதும் இந்தப் புரதங்களின் வேலைதான். அம்மா சோம்பேறி என்று திட்டினால் இதைச் சொல்லுங்கள். (என் அம்மா நம்பவில்லை.)

இனி என் கதை. பத்தொன்பது வயதில் எனக்கு இரண்டாவது தடவை டிங்கி வந்தது. ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. சாயங்காலம் ஃபுட்சால் ஆடப் போகலாம் என்று சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். வயிறு மட்டும் ஒரு மாதிரி வலித்தது. என் கையைத் தொட்ட அக்கா, "என்னடா இப்படி ஐஸ் மாதிரி இருக்கு?" என்று கேட்டு, நேரே ஹாஸ்பிட்டலுக்கு இழுத்துக்கொண்டு போனார். முதல் நாள் 42 இருந்த ஹெமட்டோகிரிட் அன்று 51. அதாவது, ரத்தம் கெட்டியாகிக்கொண்டிருந்தது.

நீர் எங்கே போனது? ரத்தக் குழாயின் உள்சுவர்ச் செல்கள் கைகோத்தபடி நெருக்கமாக நிற்கும். டிஎன்எஃப் போன்ற சேதி வந்தால் கொஞ்சம் விலகி வழிவிடும். வெள்ளையணுக்கள் தொற்று இருக்கும் இடத்துக்குப் போவதற்கான நல்ல ஏற்பாடு அது. ஒரு வீட்டில் தீ என்றால் பொம்பா வர கேட்டைத் திறக்கிறோம் அல்லவா? ஆனால் தாமான் முழுக்க எல்லா கேட்டையும் ஒரே நேரத்தில் திறந்தால்? டிங்கி முற்றும்போது நடப்பது அதுதான். வைரஸின் என்எஸ்1 புரதமும் இதற்குத் துணை போகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. ரத்த அழுத்தம் விழுகிறது. வைரஸ் குறைந்து காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான், பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள், இந்தக் கசிவு தொடங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும்.

இரண்டாம் தடவை ஏன் மோசம்? டிங்கி வைரஸில் 4 வகை உண்டு. முதல் வகைக்கு உருவான எதிர்ப்புப் புரதம் அடுத்த வகையைப் பிடிக்கும், ஆனால் முடக்காது. பிடித்தபடியே வெள்ளையணுவுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். வைரஸ் அங்கே பெருகும், சைட்டோகைனும் பெருகும். நம் காவல்காரனே திருடனுக்குக் கார் ஓட்டிய கதை.

மூட்டுவாத நோயில் டிஎன்எஃப்-ஐ அடக்கும் ஊசி உண்டு. கோவிட் காலத்தில் இன்டர்லூகின்-6-இன் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தும் பயன்பட்டது. டிங்கிக்கு அப்படி ஒன்றும் இன்னும் கைக்கு வரவில்லை. கசிந்த நீரை அளவாக ஈடுசெய்வதுதான் வைத்தியம். அளவாக என்பது முக்கியம். கசிவு நின்றதும் வெளியே போன நீர் திரும்பி ரத்தத்துக்கு வரும். அப்போதும் டிரிப்பை ஓட விட்டால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். வார்டில் மிஸ்ஸி ஏன் என் சிறுநீரைக்கூட அளந்து எழுதினார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

ஆகவே வீட்டில் யாருக்காவது டிங்கி என்றால், காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள் கண்ணை எடுக்காதீர்கள். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சில்லிட்ட கைகால், சிறுநீர் குறைவது, நிலைகொள்ளாமல் புரள்வது, ஆளே துவண்டு போவது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஹாஸ்பிட்டல். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமோல் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும்.

அந்தக் கேள்வி கேட்ட தம்பியின் தங்கைக்கு அன்று காய்ச்சல் நான்காம் நாள். கூட்டம் முடியும்வரை அவனை இருக்க விடவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.