டால்மேஷியன் நாயின் பிணிகள்

உயிர்களைப் பேணுதல் என்பது அவற்றுக்கு உணவளித்தலோடு முடிவதன்று. அவற்றின் உடலியல்பை அறிதலும், நம் விருப்பத்தால் அவற்றுக்கு நேர்ந்த கேட்டினை நீக்குதலும் அதன்பாற்படும். இதற்கு டால்மேஷியன் என்னும் நாயினம் தக்கதொரு சான்றாகும்.

ஏட்ரியாட்டிக் கடலோரத்து டால்மேஷியா நாட்டின் பெயரைத் தாங்கிய இந்நாய், இங்கிலாந்தில் செல்வர்தம் குதிரைவண்டிகளோடு ஓடிப் புகழ்பெற்றது. வெண்ணிற உடலில் கருமையோ பழுப்போ ஆகிய புள்ளிகள் பரந்திருத்தலே இதன் தனியழகு. பிறந்த குட்டி வெண்மையாகவே இருக்கும். புள்ளிகள் சில நாட்கள் கழித்தே தோன்றும். இவ்வினத்தை இரு பெருங்குறைகள் பற்றியுள்ளன.

முதலாவது செவிடு. தோலுக்கு நிறமளிக்கும் நுண்ணணுக்கள் உட்செவியிலும் இருந்து, கேட்கும் உறுப்பின் நலத்தைக் காக்கின்றன. வெண்மை மிகுதற்குக் காரணமான மரபு இவ்வணுக்களைக் குறைத்துவிடுவதால், பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் அணுக்கள் அழிகின்றன. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டால்மேஷியன்களைச் சோதித்ததில், நூற்றுக்கு ஏறக்குறைய 8 இரு செவியும், 22 ஒரு செவியும் கேளாதனவாய் இருந்தன. ஒரு செவி கேளாத நாய் ஏனையவற்றைப் போலவே நடந்துகொள்ளும். ஆதலின் உடையவரும் அறியாது அதனை இனப்பெருக்கத்துக்கு விடுவர். ஒலிக்கு மூளை காட்டும் மின்குறிகளைக் கருவியால் பதிவு செய்து, ஒவ்வொரு செவியையும் தனித்தனியே ஆராய்தலே இதற்கு வழி. குட்டிக்கு ஆறு வாரம் ஆகும்போது இச்சோதனையைச் செய்யலாம். ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. பிறக்கும்போதே பெரிய நிறத்திட்டு உடைய குட்டிகள் செவிடாதல் குறைவு. ஆயினும் அமெரிக்கக் கண்காட்சி இலக்கணம் அத்திட்டினைக் குற்றமென்று விலக்குகின்றது!

இரண்டாவது சிறுநீர்க்கல். உணவிலுள்ள பியூரின் என்னும் பொருள் உடலிற் சிதைந்து யூரிக் அமிலமாகும். பிற நாய்களின் ஈரல் அதனை எளிதிற் கரையும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். டால்மேஷியனிலோ அவ்வமிலத்தை ஈரலணுக்களுக்குட் செலுத்தும் வாயில் பழுதுற்றிருப்பதால், அது மிகுதியாகச் சிறுநீரிற் சென்று, சில நாய்களிற் கல்லாக இறுகுகின்றது. ஆண் நாய்க்குச் சிறுநீர்க்குழாய் குறுகியதாதலின் அடைப்பு அதற்கே மிகுதி. முக்குதல், துளித்துளியாய்க் கழித்தல், குருதி கலத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். சிறுநீர் முற்றும் நின்றுவிடின் ஒரு பொழுதும் தாழ்த்தாது மருத்துவரை நாடல் வேண்டும். தாழ்த்தின் உயிர்க்கு இறுதியாம். நீரை நிரம்ப அருந்தச் செய்தலும், ஈரல் முதலிய உள்ளுறுப்பிறைச்சியை விலக்கலும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வெளியே விடுதலும் காப்பாகும்.

இக்குறை தூய இனம் முழுவதிலும் நிலைபெற்றிருந்தமையால், இனத்துக்குள்ளேயே தேர்ந்து நீக்க இயலவில்லை. ஆகவே 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்னும் அமெரிக்க மரபியலறிஞர் ஒரு டால்மேஷியனைப் பாயிண்டர் இன நாயோடு ஒருமுறை சேர்த்து, அவ்வழி வந்தவற்றுள் பழுதற்றவற்றைத் தேர்ந்து மீண்டும் மீண்டும் டால்மேஷியனோடே சேர்த்து வந்தார். தோற்றத்தில் டால்மேஷியனாகவும் சிறுநீரில் பிற நாய்களை ஒத்தும் விளங்கும் வழிமுறை உண்டாயிற்று. 1981-இல் அமெரிக்க நாய்க்கழகம் அவற்றைப் பதிவு செய்தது. தூய்மை கெடுமென்று இனப்பற்றாளர் எதிர்க்கவே, பதிவு நின்றது. பழுதுற்ற மரபணு 2008-இல் கண்டறியப்பட்டது. 2011-இல் கழகம் அவ்வழிமுறையை மீளவும் ஏற்றது. இடைப்பட்ட முப்பதாண்டுகளில் கல்லடைப்பால் துன்புற்ற நாய்களுக்கு அத்தூய்மையால் விளைந்த பயன் யாது?

இலக்கணம் உயிரின் பொருட்டு ஏற்பட்டது. உயிர் இலக்கணத்தின் பொருட்டு ஏற்பட்டதன்று. வாய்பேசா உயிர்கள் நம் கையில் ஒப்புவிக்கப்பட்டிருக்கின்றன. குட்டியை வாங்க விரும்புவோர் அதன் புள்ளிகளை எண்ணுமுன், அதற்கும் அதன் பெற்றோர்க்கும் செவிச்சோதனை நடந்ததா, சிறுநீர் மரபு யாது என வினவுவாராக. வாங்குவோர் வினவத் தொடங்கின், வளர்ப்போரும் திருந்துவர்.