அம்புக்குறி இல்லாத தீவு

வார்டன்ஃபெல் தீவைப் புதிதாகச் சுற்றிப்பார்க்கக் கிளம்புகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: நடுவில் ரெட் மவுண்டன் எரிமலை எங்கே இருக்கிறது என்பதை எப்போதும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா, எதிரேயா என்று தெரிந்தால் போதும். அந்தத் தீவில் முழுசாகத் தொலைந்துபோக முடியாது.

பெதஸ்டா நிறுவனம் 2002-இல் வெளியிட்ட 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 3: மாரோவிண்ட்' விளையாட்டின் களம் இந்தத் தீவு. அடுத்து 2006-இல் வந்த 'ஆப்ளிவியன்' தொடங்கி, போகவேண்டிய திசையை அம்புக்குறியே காட்டிவிடும். ஒருமுறை பார்த்த ஊரென்றால் வரைபடத்தில் அதன் பெயரைத் தொட்டு அங்கேயே போய் இறங்கலாம். வார்டன்ஃபெல்லில் இரண்டு வசதியும் கிடையாது. ஊர்க்காரர்கள் வாயால் வழி சொல்வார்கள். நாம் கேட்டுக்கொண்டு நடக்க வேண்டும். இத்தனை வருடங்களில் எத்தனையோ விளையாட்டு உலகங்களைச் சுற்றியிருக்கிறேன். ஓர் ஊருக்குப் போகும் வழியை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு என்னால் சொல்ல முடிகிறது என்றால், அது இந்தத் தீவில் மட்டும்தான். அதனால் இதை விளையாடத் தொடங்குகிறவர்கள் இணையத்தில் கிடைக்கும் முழு வரைபடத்தை முதல் சுற்றிலாவது திறக்க வேண்டாம் என்று மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன்.

தீவின் அமைப்பு புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எரிமலைக்குப் பக்கத்தில் போகப் போகச் சாம்பல், விலக விலகப் பச்சை. தெற்கே அஸ்கேடியன் தீவுப் பகுதியில் வயலும் ஏரியுமாக இருக்கும். தென்மேற்குக் கரை முழுக்கச் சதுப்பு. மூடுபனியும் காளானும் நீர் சொட்டும் மரங்களுமாக பிட்டர் கோஸ்ட் என்று பெயருக்கேற்ற இடம். மேற்கே வெஸ்ட் காஷ் பாறை மேடு, கிழக்கே கிரேஸ்லாண்ட்ஸ் புல்வெளி, தென்கிழக்கே நெருப்புக்குழம்பு தேங்கி நிற்கும் மோலாக் அமூர். மலையைச் சுற்றி உள்ளதெல்லாம் சாம்பல் நிலம். கால் வைத்த இடத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்கப் பழகுங்கள். பச்சை மறைந்து ட்ராமா என்னும் முறுக்கிய முட்செடி கண்ணில் பட ஆரம்பித்தால் மலையை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது ஃபோயாடா. எரிமலையிலிருந்து நெருப்புக்குழம்பு ஓடி அரித்த நீண்ட பள்ளத்தாக்குகளுக்கு அங்கே வழங்கும் பெயர் அது. இரண்டு பக்கமும் செங்குத்தான கரும்பாறை. நடுவில் சாம்பல் படிந்த தரை. புதியவர்கள் இவற்றைத் தடையாக நினைத்துச் சுற்றிக்கொண்டு போவார்கள். நான் இவற்றைச் சாலையாகவே பயன்படுத்துகிறேன். பால்மோராவுக்குக் கிழக்கே ஓடும் ஃபோயாடா மமேயாவில் இறங்கி மேல்நோக்கி நடந்தால், ஒரு திருப்பம்கூட யோசிக்காமல் மலையின் வாசலான கோஸ்ட்கேட்டுக்கே போய்ச் சேரலாம். கீழ்நோக்கி நடந்தால் தெற்கே தாழ்நிலத்துக்கு வந்துவிடலாம். தொலைந்துவிட்டோம் என்று தோன்றினால் ஒரு ஃபோயாடாவைத் தேடுங்கள். அதன் மேல்முனை மலை என்பதில் சந்தேகமே வேண்டாம்.

வழி கேட்பது எப்படி என்பதற்கு ஆர்கன்தாண்ட் பயணம்தான் நல்ல பாடம். விளையாட்டின் தொடக்கத்திலேயே பால்மோராவில் ஹஸ்ஃபாட் அந்தபோலிஸ் என்பவர், டுவெமர் என்ற மறைந்துபோன இனத்தின் இடிபாட்டிலிருந்து ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்துவரச் சொல்வார். ஊரை நடுவே பிளந்து ஓடும் ஓடாய் ஆற்றைப் பாலத்தில் கடக்க வேண்டும், மூன்மோத் கோட்டையைத் தாண்டிப் போக வேண்டும், பிறகு ஃபோயாடா மமேயாவின் மேல் ஒரு பழைய டுவெமர் பாலம் வரும், அக்கரையில் இடிபாடு. அவர் சொல்கிற வழியின் சாரம் இவ்வளவுதான். இதில் கோட்டையும் பாலமும் எவர் கண்ணுக்கும் தப்பாதவை. தூரத்தைப் பற்றி மனிதர் பேசவே மாட்டார். இத்தனை அடி, இத்தனை நேரம் என்ற பேச்சே இல்லை. ஒன்றைக் கண்டபின் அடுத்ததைத் தேடு என்பதுதான் முறை. போய்ச் சேர்ந்தால் கோள வடிவக் கதவு மூடியிருக்கும். எதிரே கிடக்கும் பெரிய குழாயில் உள்ள திருகைத் திருப்பினால்தான் திறக்கும். புதிதாக வருகிறவர்களில் பலர் அந்தக் கதவின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். திருகைப் பற்றியும் ஹஸ்ஃபாட் சொல்லித்தான் அனுப்புகிறார். பேச்சை முழுக்கப் படிக்காமல் கிளம்புவதால் வரும் வினை அது.

ஆகவே, வழி சொன்ன பேச்சைக் கிளம்பும் முன்பே கடைசி வரி வரை படித்துவிடுங்கள். படித்ததை ஒரு நோட்டில் உங்கள் சொற்களில் நான்கு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குள் குறிப்பேடு உண்டுதான். ஆனால் முதலில் வெளிவந்த பதிப்பில் அது நடந்த வரிசைப்படி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வைத்திருந்தது. பணிவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி பிறகு 'ட்ரிபியூனல்' விரிவாக்கத்தோடுதான் வந்தது. அந்த வசதி வந்த பிறகும் நான் காகிதத்தை விடவில்லை. பாறை, பாலம், வழிகாட்டிப் பலகை என்று வரிசையாக எழுதி, பார்த்த ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டே போவேன். அடுத்த அடையாளம் வரவேண்டிய தூரத்தில் வரவில்லை என்றால் முன்னால் போய்த் தேடக் கூடாது. கடைசியாக அடித்த அடையாளத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழி சொல்பவர்கள் எப்போதும் சரியாகச் சொல்வதில்லை. கிழக்கையும் மேற்கையும் மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. அப்போது அக்கம்பக்கத்தில் வேறு யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

எங்கு போனாலும் நடையாகத்தான் போகவேண்டும் என்றில்லை. சில்ட் ஸ்ட்ரைடர் என்ற ராட்சதப் பூச்சியின் ஓட்டைக் குடைந்து அதற்குள் பயணிகளை ஏற்றிச் செல்கிறார்கள். நெடுங்கால்களால் அது நடக்கிறது. திறந்துவிடப்பட்ட அதன் உள்ளுறுப்புகளைத் தொட்டுத்தான் பாகன் அதை ஓட்டுகிறான். எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் வண்டி உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். சேடா நீனிலிருந்து வடக்கே மார் கானுக்கு நேர் வண்டி கிடையாது. பால்மோராவில் இறங்கி மாறி, ஆல்ட்ரூனில் மறுபடி மாறிப் போகலாம். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஸ்டாண்டு மாறிப் போகிற அதே கணக்கு. எந்த ஊர் சந்திப்பு, எந்த ஊர் கடைசி நிறுத்தம் என்று பழகப் பழகத் தீவின் உருவம் கையில் வந்துவிடும். கிழக்குக் கரைக்கு ஸ்ட்ரைடர் போகாது, படகுதான். எபன்ஹார்ட் துறையில் ஏறினால் நேராக சத்ரித் மோராவில் இறங்கலாம். பால்மோரா, ஆல்ட்ரூன், கால்டெரா, விவெக், சத்ரித் மோரா ஆகிய ஐந்து இடங்களில் மந்திரவாதிகள் சங்கத்தில் வழியனுப்புநர் இருக்கிறார். காசு கொடுத்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண் இமைக்கும் நேரத்தில் அனுப்பிவிடுவார்.

கையில் எப்போதும் இரண்டு மந்திரச் சுருள்கள் இருக்கட்டும். ஆல்ம்சிவி இன்டர்வென்ஷன் அருகில் உள்ள கோயிலுக்குக் கொண்டுபோய்விடும். டிவைன் இன்டர்வென்ஷன் அருகில் உள்ள பேரரசின் வழிபாட்டிடத்துக்கு. ஆபத்தில் தப்பிக்கத்தான் எல்லோரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவியும்கூட. எந்தக் கோயிலில் போய் விழுகிறோமோ, கோயில் உள்ள ஊர்களில் அதுதான் நாம் நின்ற இடத்துக்கு மிக அருகில் இருந்தது என்று அர்த்தம். மார்க், ரீகால் என்ற இணை மந்திரத்தில் ஒரே ஓர் இடத்தை மட்டுமே குறித்துவைக்க முடியும். அதை வீட்டுக்கு வீணாக்காதீர்கள். பாதிவழியில் விட்டுவந்த குகைவாசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஊர்கள். வார்டன்ஃபெல்லின் ஊர் ஒவ்வொன்றும் அதை ஆளும் குலத்தின் குணத்தை வெளியே காட்டிக்கொண்டு நிற்கும். பால்மோரா வணிகர்களான ஹ்லாலுக்களின் ஊர். மண்பூச்சு போட்ட தட்டைக்கூரை வீடுகள். ஆற்றின் எந்தக் கரை என்று முதலில் முடிவு செய்துகொண்டால் அங்கே எதையும் கண்டுபிடித்துவிடலாம். மந்திரவாதிகள் சங்கமும் போர்வீரர் சங்கமும் மேற்கே. நீங்கள் முதலில் தேடிப்போகும் காயஸ் கொசாடஸ் வீடு கிழக்கே, வடகோடி மேட்டில். கால்டெராவும் பெலாகியாடும் பேரரசுக்காரர்கள் கட்டியவை. மரச்சட்டம் வைத்த வீடுகள், கல் கோட்டை. அவற்றில் வழி தப்ப இடமே இல்லை. தீவோடு ஒட்டாத அந்தத் தோற்றமே வந்தேறி ஆட்சியின் கதையைச் சொல்லிவிடுகிறது.

ஆல்ட்ரூன் எனக்கு மிகவும் பிடித்த ஊர். போர்க்குடியான ரெடோரான்களின் இருப்பிடம். சாம்பல் புயல் அடிக்கும்போது எதிரே வருபவர்கள் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடப்பார்கள். நமக்கு நான்கு அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வீடுகள் எல்லாம் நண்டின் ஓடுபோல வளைந்து தரையோடு தாழ்ந்திருக்கும், காற்று வழுக்கிக்கொண்டு போகட்டும் என்பதுபோல. ஊரின் தலைமாட்டில் ஸ்கார் நிற்கிறது. என்றோ செத்துப்போன ஒரு பேருரு நண்டின் ஓடு அது. அதன் வயிற்றுக்குள் தொங்கும் பாலங்களைப் போட்டுக் குலத்தலைவர்கள் மாளிகை வைத்திருக்கிறார்கள். புயலில் அந்த ஊரை முதலில் பார்க்க நேர்ந்தால் உடனே கடைக்குள் ஓடாதீர்கள். அடங்கும் வரை நின்று, ஸ்கார் மெல்ல உருத்தெளிவதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

விவெக் நகரம்தான் பலரைக் கதற வைப்பது. தண்ணீருக்குள் அடுக்கடுக்காக எழும் பெருங்கட்டடங்கள்; ஒவ்வொன்றும் ஒரு பேட்டை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. அங்கே இரண்டு திசையையும் மூன்று உயரத்தையும் தெரிந்துகொண்டால் பிழைக்கலாம். வடகோடியில் வெளிநாட்டார் பேட்டை, தென்கோடியில் விவெக்கின் அரண்மனை. உச்சியில் பிளாசா, அதற்குக் கீழே கடைகள் நிறைந்த இடைத்தளம், அதற்கும் கீழே கால்வாய்த்தளம். யாராவது ஓர் ஆளைத் தேடச் சொன்னால் எந்தப் பேட்டை, எந்தத் தளம் என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாலத்தில் நடந்து அலுத்தால் கொண்டோலா படகு இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் கோயில் பேட்டைக்கு மேலே ஒரு பாறை அந்தரத்தில் தொங்கும்; அதைக் குடைந்து சிறை வைத்திருக்கிறார்கள். தெற்கு எது என்று குழம்பும்போதெல்லாம் அந்தப் பாறையைப் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

கிழக்கே சத்ரித் மோராவில் டெல்வான்னி மந்திரவாதிகள் கட்டடம் கட்டுவதில்லை; காளானை வளர்த்துக் கோபுரமாக்குகிறார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்வே விடுதியில் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கோபுரத்தின் மேல்தளத்துக்குப் படிக்கட்டு கிடையாது. மிதக்கும் மந்திரம் தெரியாதவனோடு பேச எங்களுக்கு நேரமில்லை என்று அந்தக் கட்டடமே சொல்கிறது. போகும் முன் லெவிடேஷன் மருந்து இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏற ஒன்று போதும் என்று எண்ணிப் போனால் இறங்கும்போது கஷ்டம்.

நடை மெதுவாக இருக்கிறதே என்ற குறை எல்லோரிடமும் கேட்பது. கால்டெராவை அடுத்த சாலையில் பெமெனி என்ற வணிகப் பெண் துணைக்கு வரச் சொல்லிக் கேட்பாள். அவளிடமிருந்து கிடைக்கும் காலணி வேகத்தைக் கொட்டிக் கொடுக்கும், கண்பார்வையைப் பறித்துவிடும். மந்திரத்தை முழுமையாக எதிர்க்கும் மருந்தோ மந்திரமோ ஒரு கணம் செயல்படும்போது அதை அணிந்தால் பார்வை போகாது. ஆனாலும் புது நிலப்பகுதிக்குள் முதல்முறை போகும்போது அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஓடிக் கடந்த நிலம் மனதில் நிற்பதில்லை. விளையாட்டின் பழைய இயந்திரத்தில் பார்வைத்தூரம் குறைவு, எல்லாம் மூட்டத்துக்குள்ளிருந்து வெளிவரும். இன்று ஓப்பன்எம்டபிள்யூ என்ற திறந்தமூல இயந்திரத்தில் தீவின் மறுகோடி வரை தெரியும்படி வைக்கலாம். நான் குறைத்தே வைக்கிறேன். எல்லாம் தெரிந்துவிட்டால் அந்தத் தீவு சுருங்கிப்போகிறது. மூட்டம் இருந்தால் ஒரு மேட்டைத் தாண்டுவதே ஒரு பயணம்.

கதையின் நடுப்பகுதியில் உர்ஷிலாக்கு என்ற நாடோடிக் குடியின் முகாமுக்குப் போக வேண்டிவரும். மார் கானுக்கு வடக்கே சாலை தேய்ந்து மறைந்துவிடும். பின்னர் அந்தக் குடியின் தலைவர் சுல்-மாத்தூல் ஒரு குகைக்கு வழி சொல்கிறார், விடுகதையாக. கேட்க மாயமாக இருக்கும். உண்மையில் அதில் உள்ளவை எல்லாம் அந்த நிலத்தின் உறுப்புகள்தான். காற்றடிக்கும் பள்ளத்தாக்கு, பல்போல நிற்கும் பாறைத்தூண்கள். அதுவரை அம்புக்குறி இல்லாமல் நடந்து பழகியவருக்கு அந்த விடுகதை விளங்கிவிடும். மலைக்கு வடக்கே, அதன் அடிவாரத்தை ஒட்டி, கிழக்காகத் தேடுங்கள். குகைக்கதவு விடியலிலும் அந்தியிலும் மட்டும் திறக்கும். நடுப்பகலில் போய்ச் சேர்ந்தால் தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று திரும்பிவிடாமல், அங்கேயே பொழுது சாயும் வரை காத்திருங்கள்.